மாப்பிள்ளைக்குச் சீனத் தேத்தண்ணி

மாப்பிள்ளையின் படம் முதலில் பெரியம்மாவின் போனுக்கு வந்தது. அங்கிருந்து குடும்பக் குழுவுக்கு வந்தது. பூக்களும் கும்பிட்ட கைகளும் மாதா படங்களும் வந்து குவிந்துகொண்டிருந்தன. ஸ்டுட்கார்ட்டில், மூன்றாம் மாடி வீட்டுக் குசினி மேசையில் சீனப் பாடம் எழுதிக்கொண்டிருந்த ஜசிந்தா மட்டும் ஒன்றும் போடவில்லை. பேனையை மூடி வைத்துவிட்டு அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளைச் சட்டை. கழுத்தில் டொக்டர் குழாய். தலையைக் கொஞ்சம் சரித்து, யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை இதற்கு முன்பே கனவில் எத்தனை தரம் கண்டிருப்பாள்!

"பார்த்தியளோ மாப்பிள்ளையை?" அம்மா கொறற்றி போனை அப்பாவின் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள். "ஜெனிஸ்டனாம் பேர். பேசாலைப் பெடியன். சீனாவிலை டொக்டருக்குப் படிச்சவராம், இப்ப இஞ்சை வேலை செய்யிற அனுமதிக்குச் சோதினை எழுதுறாராம். உங்கடை அண்ணன்ரை பிறின்சிக்கு அதிர்ஷ்டம். நீங்களும் சீனாவுக்குப் போனனியள்தானே, கதைக்க ஒரு விசயமாவது கிடைக்கும்."

அப்பா பீலிக்ஸ் படத்தைப் பார்த்தார். மெதுவாகப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்ல பெடியன் மாதிரித்தான் இருக்கு," என்றார்.

பிறகு இடக்கை மோதிர விரலை வலக்கையால் மூடிக்கொண்டார். அந்த விரலில் மோதிரம் இல்லை. ஒரு வெளிறிய வளையம் மட்டும் இருந்தது. அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவ்வளவுதான். அம்மா வேலைக்கு வெளிக்கிட்டுப் போன பிறகு, கதவுக்குப் பக்கத்தில் நின்று அப்பா சொன்னார்:

"ஒருத்தருக்கும் சொல்லாதை ஜசி."

"அப்பா, அது அவன்தான்!"

"எனக்குக் கண் தெரியும். சொல்லாதை எண்டால் சொல்லாதை."

*

போன இலையுதிர்கால விடுமுறையில்தான் இருவரும் ஷாங்காய்க்குப் போனார்கள். பள்ளிக்கூடத்தில் ஜசிந்தா சீன மொழி எடுத்தவள். நல்ல புள்ளி எடுத்தால் கூட்டிக்கொண்டு போவேன் என்று அப்பா வாய் தவறிச் சொல்லிவிட்டார், அவளும் எடுத்துவிட்டாள். அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் லீவு கிடைக்கவில்லை.

போவதற்கு முன்பே ஜசிந்தா எல்லாம் வாசித்து வைத்திருந்தாள். விமானத்தில் வைத்து அப்பாவுக்குப் பாடம் எடுத்தாள். "ஆராவது பெட்டையள் வந்து, இங்கிலிஷ் பழகவேணும், வாங்கோ தேத்தண்ணி குடிப்பம் எண்டு கேட்டா, சிரிச்சுக்கொண்டு நடக்கவேணும். ஓவியம் படிக்கிறன், கண்காட்சி பார்க்க வாங்கோ எண்டாலும் நடக்கவேணும். காவி உடுத்தவர் கையிலை மணி போட வந்தா கையைச் சட்டைப்பைக்குள்ளை விடவேணும். விளங்குதோ?"

"விளங்குது ரீச்சர்," என்றார் அப்பா.

நான்ஜிங் வீதியில் அவள் சொன்னபடியே ஒவ்வொருவராக வந்தார்கள். முதலில் படம் எடுக்கச் சொல்லி இரண்டு பெண்கள். படம் எடுத்ததும் தேத்தண்ணி. பிறகு சுருட்டிய படங்களோடு ஒரு மாணவன். பிறகு மணிக்காரர். அப்பாவுக்கு அது விளையாட்டாகிப் போனது. "அங்கை வருது பார் அடுத்தது," என்று காதுக்குள் சொல்லிச் சிரிப்பார். ஜசிந்தா சீனத்தில் நன்றி சொல்லி அவர்களை அனுப்பிவைக்க, அப்பா மகளைப் பெருமையோடு பார்ப்பார்.

அப்போதுதான் பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது.

"அண்ணை, தமிழோ?"

அப்பாவின் கால்கள் அந்த இடத்திலேயே நின்றன. இவ்வளவு சனத்துக்குள், ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாத ஊருக்குள், தமிழ்! அதுவும் எங்கடை தமிழ்!

"ஓம் தம்பி, ஓம்! நீர் ஊரிலை எவடம்?"

கேட்டது அப்பாதான். அதைக் கேட்காமல் எங்கள் ஆட்களால் இருக்க ஏலாது. அவன் ஒரு கணம் யோசித்து, "நாவாந்துறைப் பக்கம் அண்ணை," என்றான்.

"நாவாந்துறையோ! நான் பாஷையூர். நாவாந்துறையிலை ஆரின்ரை ஆள்?"

"அம்மாவின்ரை ஆக்கள் கடல் தொழில்..."

"வள்ளக்காரச் சம்மாட்டி சவிரிமுத்தற்றை ஆக்களோ?"

"அவர் என்ரை அம்மப்பா, அண்ணை!"

அவனுக்கு ஒரு அம்மப்பாவை எடுத்துக் கொடுத்ததே அப்பாதான். அவன் அதை வாங்கிச் சட்டையில் குத்திக்கொண்டான், அவ்வளவுதான். லக்ஸன் என்று பேர் சொன்னான். மருத்துவம் படிக்கிறானாம். ஊர்ச் சோறு கண்டு வருசக்கணக்காம். அப்பா அவனுடைய தோளில் கைபோட்டு நடந்தார்.

"ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ அண்ணை. எங்கடை ஆக்கள் வந்து ஒரு தேத்தண்ணியும் குடுக்காமல் அனுப்பினன் எண்டால் அம்மா என்னைப் பேசுவா."

ஜசிந்தா அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, தேத்தண்ணி எண்டுறார். நான் சொன்னனான் எல்லே?"

"அது மற்றவை கூப்பிட்டா, பிள்ளை. இது எங்கடை பெடியன்."

மாடியில் யன்னல் இல்லாத ஒரு அறை. சிவப்புத் திரை. பட்டு உடுத்த ஒரு பெண், அம்மாவின் தையல் விரல் உறை அளவுக் கோப்பைகளில் ஊற்றினாள். ஒன்று பூ மணம், ஒன்று புகை மணம், ஒன்று இனிப்பு. லக்ஸன் ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை சொன்னான். அப்பா சிரித்துச் சிரித்துக் குடித்தார். பிறகு விலை எழுதின அட்டை வந்தது. அப்பா அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். கதவடியில் இரண்டு ஆண்கள் வந்து நின்றார்கள்.

வங்கி அட்டையில் இருந்தது முழுவதும் போனது. அதுவும் காணாது என்றார்கள். அப்போது பட்டுப் பெண் சீனத்தில் ஏதோ கேட்க, லக்ஸன் சீனத்தில் பதில் சொன்னான். இவர்களுக்கு விளங்காது என்று நினைத்துக்கொண்டு மெல்லிய குரலில்தான் சொன்னான். ஜசிந்தாவுக்கு விளங்கியது. பாடப்புத்தகத்துச் சொற்கள்தான், எல்லாமே சின்னச் சொற்கள்.

"இவர் தருவார். மகள் பக்கத்தில் இருக்கிறாள்."

பிறகு திரும்பித் தமிழில் சொன்னான்: "அண்ணை, முழங்காலிலை நிண்டு கும்பிட்டுக் கேளுங்கோ. நான் வீடியோ எடுத்து முதலாளிக்கு அனுப்புறன். பார்த்தால் மனமிரங்குவார்."

அப்பா மகளைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், முழங்காலில் நின்றார். அவன் போனை நீட்டிப் பிடித்து, "இன்னும் கொஞ்சம் குனியுங்கோ அண்ணை," என்றான். பிறகு போனை இறக்காமலே சொன்னான்:

"மோதிரத்தைக் குடுங்கோ அண்ணை. நான் கதைச்சு விடுறன்."

அம்மாவின் பேர் வெட்டின கலியாண மோதிரம். சவர்க்காரம் இல்லாமல் கழலாத மோதிரம். அப்பா விரலை வாயில் வைத்து நனைத்துக் கழற்றிக் கொடுத்தார்.

வீதிக்கு வந்ததும் இருவரும் கால்போன போக்கில் நடந்தார்கள். ஒரு சின்ன நூடில்ஸ் கடைக்காரி அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் இரண்டு கோப்பை கொண்டுவந்து வைத்தாள். ஜசிந்தா காசில்லை என்று சீனத்தில் சொல்ல, அவள் கையை அசைத்து, "சாப்பிடு பிள்ளை," என்றாள். பொலிசுக்குப் போவோம் என்று அந்தக் கடையில் வைத்துத்தான் ஜசிந்தா கெஞ்சினாள். ஒருகாலத்தில் சோதனைச் சாவடிகளில் நின்று நின்று வளர்ந்த மனிதர் அப்பா. வேண்டாம் என்று தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்து, மோதிரம் ஹோட்டல் நீச்சல் தொட்டியில் விழுந்துவிட்டது என்றார். அம்மா அதை ஒரு பகிடியாக்கிவிட்டாள். "பாஷையூரிலை பிறந்து, கடலிலை துலைக்காத மோதிரத்தைத் தொட்டித் தண்ணியிலை துலைச்ச மனிசன்!" வருகிற போகிற ஆட்களுக்கெல்லாம் சொல்லுவாள். எல்லோரும் சிரிப்பார்கள். அப்பாவும் சிரிப்பார். அன்றிலிருந்து அப்பா தேத்தண்ணி குடிப்பதில்லை. வயிற்றுக்கு ஒத்துவரவில்லை என்று கோப்பிக்கு மாறிவிட்டார்.

*

மாப்பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து, பெரியப்பா வீட்டுக்குச் சாப்பிட வந்தான். பெரியப்பா தம்பி குடும்பத்தையும் கூப்பிட்டிருந்தார்.

பெரியப்பா அப்பாவுக்கு மூத்தவர். தம்பியில் பாசம்தான், ஆனால் தம்பியின் மகள் பெரிய பள்ளிக்கூடத்தில் படிப்பதும், சீனாவுக்குப் போய் வந்ததும் அவருக்குக் கொஞ்சம் உறுத்தல். அப்பா இப்போது வாய் திறந்தால், "என்ரை பிள்ளைக்கு டொக்டர் மாப்பிள்ளை எண்டவுடனை இவனுக்கு எரிச்சல்," என்றுதான் பெரியப்பா சொல்லுவார். அது அப்பாவுக்கும் தெரியும், ஜசிந்தாவுக்கும் தெரியும்.

மாப்பிள்ளை உள்ளே வந்து ஒவ்வொருவராகக் கைகொடுத்தான். அப்பாவின் முறை வந்தது. தலையைச் சரித்து அந்தச் சிரிப்புச் சிரித்தான். முன்பு கண்டவன் என்று காட்ட முகத்தில் ஒரு தசையும் அசையவில்லை.

"சுகமோ மாமா?"

"சுகம் தம்பி," என்றார் அப்பா.

அண்ணை இப்போது மாமாவாகிவிட்டார். சாப்பாட்டு மேசையில் ஜசிந்தா சோற்றைப் பாதியில் விட்டாள். கை கழுவ எழும்பிப் போனபோது, சப்பாத்துகள் அடுக்கி வைத்திருக்கிற ஒடுங்கின நடையில் அவன் வந்து வழியை மறித்து நின்றான். குசினியில் பெரியம்மாவும் அம்மாவும் சிரித்துக் கதைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"வளர்ந்திட்டீர் தங்கச்சி," என்றான் மெதுவாக. "அந்த வீடியோ இன்னும் என்ரை போனிலை கிடக்கு. அப்பா நல்லாத்தான் கும்பிட்டவர். குடும்பக் குழுவிலை என்னையும் சேர்த்திருக்கினம், தெரியும்தானே? ஒரு விரல் தட்டினால் காணும்."

அவன் அவளுடைய தலையைத் தடவிவிட்டுப் போனான். அந்த இடத்தை அவள் அன்றைக்கு இரண்டு தரம் கழுவினாள்.

நித்திரை வரவில்லை. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, போனை வாய்க்குக் கிட்டப் பிடித்து, பக்கத்து அறையில் அம்மாவுக்குக் கேட்காத குரலில், பிறின்சி அக்காவுக்கு எல்லாவற்றையும் சொல்லி அனுப்பினாள். பெரியப்பாவின் மகள் பிறின்சி ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவுத் தாதி. அன்றைக்கு இரவு வேலை. சொல்லச் சொல்ல ஜசிந்தாவுக்கு அழுகை வந்தது. "அக்கா, எனக்குப் பயமாக் கிடக்கு. நான் சொன்னது எண்டு ஆருக்கும் சொல்லாதை. அவன் அதைப் போட்டால் அப்பா செத்துப்போவார் அக்கா. உண்மையாச் செத்துப்போவார்."

அனுப்பிவிட்டு, அழித்துவிடுவோமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே பதில் வந்துவிட்டது. பின்னால் ஏதோ இயந்திரம் கீக் கீக் என்று அடிக்கிற சத்தம். அக்காவின் குரல் மட்டும் தண்ணீர் மாதிரிக் குளிர்ந்து கிடந்தது.

"அழாதை ஜசி. ஒண்டு கேக்கிறன், யோசிச்சுச் சொல்லு. அந்த வீடியோ எடுத்தவன் ஆர்? எடுக்கேக்கை வாய் மூடிக்கொண்டோ நிண்டவன்?"

ஜசிந்தா போர்வைக்குள் எழும்பி இருந்தாள்.

இன்னும் கொஞ்சம் குனியுங்கோ அண்ணை. மோதிரத்தைக் குடுங்கோ அண்ணை.

"அவன்ரை குரல் இருக்கு அக்கா," என்றாள். "முழுக்க அவன்ரை குரல்தான்."

"அப்ப அது அவன்ரை கழுத்திலை கிடக்கிற கயிறு. சித்தப்பாவின்ரை கழுத்திலை இல்லை."

"நீ வேண்டாம் எண்டு சொல்லிவிடன் அக்கா. எல்லாம் முடிஞ்சிடும்."

"என்னடி முடியும்? அப்பா சித்தப்பாவைத்தான் ஏசுவார். இவன் தலையைச் சரிச்சுச் சிரிச்சுக்கொண்டு அடுத்த வீட்டை போவான், இன்னொருத்தியின்ரை குசினியிலை இருந்து சாப்பிடுவான். நான் அவனோடை ரெண்டு தரம் கதைச்சனான். டொக்டரெண்டு சொல்லுறான், மருந்தின்ரை பேரைக் கேட்டால் கதையை மாத்துறான். எனக்கு அப்பவே சந்தேகம். இல்லை ஜசி. அவன்ரை வாயாலை வரவேணும், எல்லாருக்கும் முன்னாலை. ஒரு தேத்தண்ணி குடுப்பம் அவருக்கு."

"அப்பாட்டைச் சொல்லவோ?"

"சொன்னால் வரமாட்டார். சொல்லாதை."

அதுதான் ஜசிந்தாவைப் பயப்படுத்தியது. அவன் விழுவது நல்லது. ஆனால் அவனை விழுத்துவதற்கு அப்பாவை எல்லோருக்கும் முன்னால் இன்னொரு தரம் முழங்காலில் நிறுத்தவேண்டிவருமே! அப்படி நடந்தால் அப்பா தன்னை மன்னிப்பாரா? விடியும்வரைக்கும் அதையே நினைத்துப் புரண்டாள். ஆனாலும் சப்பாத்து நடையில் தன் தலையில் பட்ட அந்தக் கை ஞாபகம் வரும்போதெல்லாம் பல்லைக் கடித்தாள். விழட்டும். விழத்தான் வேணும்.

*

நிச்சயதார்த்தம் மாதா கோயில் மண்டபத்தில் நடந்தது. மாப்பிள்ளையின் தாய்க்கு விசா கிடைக்கவில்லை. ஆகவே மேடைக்குப் பக்கத்தில், பெரிய திரைக்குக் கீழே, ஒரு ஐபாட்டை நிறுத்தி வைத்திருந்தார்கள். அதற்குள் பேசாலை வீட்டு விறாந்தையில் ஒரு அம்மா நல்ல சேலை உடுத்து, தலை நிறையப் பூ வைத்து, கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தா. மோதிரம் மந்திரிக்கப் பங்குச் சுவாமி வந்திருந்தார். பெரியப்பா மைக்கை யாரிடமும் கொடுக்காமல் வைத்திருந்தார்.

மாப்பிள்ளை உள்ளே வரும்போது மச்சாள்மார் கூட்டம் வாசலில் அவனுக்கு முன்னும் பின்னும் ரிப்பன் பிடித்து மறித்தது. எங்கள் கலியாண வீடுகளில் இப்போதெல்லாம் இது வழக்கம். பெண்ணின் தங்கச்சிமார் மறிப்பார்கள், மாப்பிள்ளை ஏதாவது கொடுத்துத்தான் உள்ளே வரவேண்டும். மச்சாள் என்ன பகிடி விட்டாலும் மாப்பிள்ளை கோபிக்கக்கூடாது. அந்த உரிமை இன்றைக்கு ஜசிந்தாவுக்கு இருந்தது.

"பெரியப்பா, மைக்கைத் தாங்கோ ஒருக்கா," என்றாள். "அத்தான் சீனாவிலை படிச்சவர் எல்லே? அதாலை நாங்கள் அவருக்குச் சீன முறையிலை தேத்தண்ணி குடுத்துத்தான் உள்ளை விடுவம்."

மண்டபம் கை தட்டியது. பெரியப்பாவுக்கு வாயெல்லாம் பல். பிறின்சி அக்கா மணப்பெண் சேலையோடு தானே தட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தட்டத்தில், ஜசிந்தா தன் சீன ஆசிரியை லின்னிடம் கெஞ்சி வாங்கி வந்த சின்னஞ்சிறு கோப்பைகள். ஒரு சிவப்புத் துணி விரித்திருந்தது.

மாப்பிள்ளை கோப்பைகளைப் பார்த்தான். தலை சரியவில்லை. சிரிப்பு மட்டும் முகத்தில் எப்படியோ தொங்கிக்கொண்டு நின்றது.

"குடியுங்கோ அத்தான். இது பூ மணம்."

குடித்தான்.

"இது புகை மணம்."

"காணும் தங்கச்சி, சுவாமி காத்துக்கொண்டு நிக்கிறார்..."

"மச்சாள் ஊத்தினால் குடிக்கத்தான் வேணும் மாப்பிள்ளை!" பின்வரிசையில் இருந்து ஒரு மாமி கத்தினா. "இப்பவே பழகிக்கொள்ளும்!" எல்லோரும் சிரித்தார்கள். ஐபாட்டுக்குள் தாயும் சிரித்தா. "குடி மோனை, பிள்ளையள் ஆசையாத் தருகுதுகள்."

மூன்றாவது கோப்பையை நீட்டும்போது ஜசிந்தா மைக்கைத் தள்ளிப் பிடித்து, அவனுக்கு மட்டும் கேட்கிறமாதிரி, சீனத்தில் சொன்னாள்:

"இவர் தருவார். மகள் பக்கத்தில் இருக்கிறாள்."

தேத்தண்ணி அவனுடைய வெள்ளைச் சட்டைக் கையில் சிந்தியது. இவளுக்குச் சீனம் தெரியும், அன்றைக்கும் தெரிந்திருந்தது என்பது இப்போதுதான் அவனுக்குள் போய் விழுந்தது. ஜசிந்தா அதைக் கண்ணால் பார்த்தாள். பயம் இருந்தது, ஆனாலும் அது எவ்வளவு இனித்தது!

பிறின்சி அக்கா ஒரு சிவப்பு அட்டையை நீட்டினாள். "குடிச்சாச்சு. இனிக் கணக்கு."

"எவ்வளவு கேக்கிறாளவை? விட்டுக்குடுக்காதையும் மாப்பிள்ளை!" என்று பெரியப்பா சிரித்தார்.

ஜசிந்தா மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்தாள். சொல்லும்போது குரல் நடுங்கக்கூடாது என்று ஒரு கிழமையாகக் குளியலறையில் சொல்லிப் பழகிய வசனம் அது. நடுங்கத்தான் செய்தது.

"மோதிரத்தைக் குடுங்கோ அண்ணை. நான் கதைச்சு விடுறன்."

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. "அண்ணையோ? அத்தானடி!" என்று யாரோ திருத்தினார்கள். சிரிக்காதவர்கள் சிலர்தான். முன்வரிசைக் கதிரையில் இருந்த அப்பா எழும்பி நின்றுவிட்டார். அவருடைய முகத்தைப் பார்க்க ஜசிந்தாவுக்குத் துணிவு வரவில்லை.

அவனும் அப்பாவைத்தான் பார்த்தான். பார்த்தவன் அவசரப்பட்டான்.

"என்ன விளையாட்டு இது? நான் ஒருத்தரிட்டையும் பறிக்கேல்லை! அண்ணை தானே விருப்பத்தோடை கழட்டித் தந்தவர்!"

யாரும் அவனைக் குற்றம் சாட்டவில்லை. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சிரிப்பு முன்வரிசையில் தொடங்கிப் பின்னுக்கு ஒவ்வொரு வரிசையாக நின்றது.

"எந்த அண்ணை?" அம்மா கொறற்றிதான் முதலில் கேட்டாள். "என்னத்தைக் கழட்டித் தந்தவர்?"

"மாமி, இது வந்து..."

"எந்த அண்ணையெண்டு கேக்கிறன்!"

அவன் போனை எடுத்தான். வேர்வை வழிந்தது. "எல்லாரும் என்னைப் பிழையா நினைக்கிறியள். இந்தக் குடும்பத்தின்ரை மரியாதையை நான்தான் இவ்வளவு நாளும் காப்பாத்தினனான். காட்டட்டோ? இவர் சீனாவிலை முழங்காலிலை நிண்டு கும்பிட்ட வீடியோ இஞ்சை கிடக்கு. காட்டட்டோ?"

மண்டபத்தில் ஒரு குழந்தை மட்டும் அழுதது. ஜசிந்தா கண்ணை மூடிக்கொண்டாள். இதுதான். இதுக்குத்தான் அவள் பயந்தாள். அப்பாவின் சப்பாத்துச் சத்தம் கேட்டது. வாசலை நோக்கிப் போகிறாரோ? போகவில்லை. சத்தம் கிட்ட வந்தது.

"காட்டும்," என்றார் அப்பா.

அவன் விழித்தான்.

"காட்டும் தம்பி. அந்தப் பெரிய திரையிலை போடும். சத்தத்தைக் கூட்டிப் போடும். நான் நிண்டது தெரியட்டும், நிப்பாட்டினவன்ரை குரலும் கேக்கட்டும்."

அவனுடைய பெருவிரல் போனுக்கு மேலே நின்றது. அப்போதுதான் அவனுக்கு விளங்கியிருக்கவேணும். விரல் இறங்கவே இல்லை.

"ஏன் நிக்கிறீர்? எங்கடை வீட்டுப் பிள்ளையைச் சப்பாத்தடியிலை மறிச்சு வெருட்டேக்கை விரல் நல்லா வேலை செய்ததாம்," என்றாள் பிறின்சி. "போடுமன்."

அப்பா சனத்தைப் பார்த்துத் திரும்பினார். மைக் இல்லாமலே கதைத்தார். "நான் முழங்காலிலை நிண்டனான். என்ரை பிள்ளை எனக்குப் பக்கத்திலை இருந்தவள், கதவிலை ரெண்டு பேர் நிண்டவங்கள். தேத்தண்ணி குடிக்கக் கூட்டிக்கொண்டு போய் எங்களை வித்தவன் இவன். தமிழிலை கதைச்சு வித்தவன். சவிரிமுத்தற்றை பேரன் எண்டவன். கொறற்றி, மோதிரம் தொட்டியிலை விழேல்லை. இவன்தான் வாங்கினவன்."

அம்மா நேராக மாப்பிள்ளையிடம் போனாள். எல்லோரும் அடிக்கப்போகிறாள் என்றுதான் நினைத்தார்கள். அவள் அவனுடைய சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்த மோதிரப் பெட்டியைப் பிடுங்கித் திறந்து, உள்ளே இருந்ததை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தன்னுடைய பேர் இருக்கிறதா என்றுதான் பார்த்தாள். இல்லை. பெட்டியை அவனுடைய நெஞ்சில் எறிந்தாள்.

"அந்தாளை நான் ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சனேடா," என்றாள். "ஒவ்வொரு நாளும் சிரிச்சனே!"

பெரியப்பாவைப் பார்த்து அவன், "மாமா, நான் சொல்லுறதைக் கேளுங்கோ," என்று தொடங்கினான். பெரியப்பா மேடைப் பக்கம் நடந்துபோய், ஐபாட்டை எடுத்துக்கொண்டு வந்து, அவனுடைய முகத்துக்கு நேரே பிடித்தார்.

"எனக்குச் சொல்லவேண்டாம். கொம்மாவுக்குச் சொல்லும். டொக்டர் எண்டும் சொன்னனீர் எல்லே? அதையும் சொல்லும்."

ஐபாட்டுக்குள் இருந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டிருந்தா. பூ வைத்த தலை அசையவில்லை. "மோனை," என்றா. "படிச்சு முடிச்சனியோ இல்லையோ? அதை மட்டும் சொல்லு."

அவன் தலையைச் சரித்தான். அந்தச் சிரிப்பு ஒருதரம் வரப் பார்த்தது. வரவில்லை.

"ரெண்டாம் வருசத்தோடை விட்டிட்டன் அம்மா."

அந்த அம்மா கையை எடுத்துத் தலையில் இருந்த பூவை உருவினா. பிறகு படம் கறுத்துப்போனது. ஜசிந்தாவுக்கு நெஞ்சுக்குள் ஏதோ குத்தியது. அது அந்த அம்மாவுக்காக. அவனுக்காகவும் ஏதாவது வருகிறதா என்று தேடிப் பார்த்தாள். ஒரு துளியும் வரவில்லை.

மச்சாள்மார் இன்னும் வாசலில் ரிப்பனைப் பிடித்தபடி நின்றார்கள். விடச்சொல்லி யாரும் சொல்லவில்லை, ஆகவே அவர்கள் விடவில்லை. அவன் அதற்குக் கீழே குனிந்துதான் போகவேண்டியிருந்தது.

"இன்னும் கொஞ்சம் குனியுங்கோ அண்ணை," என்றாள் ஜசிந்தா. மைக் கையில் இருந்ததை மறந்துபோனாள். மண்டபம் முழுக்கக் கேட்டது.

*

சனம் போகவில்லை. சமைத்த சாப்பாடு இருந்தது, சொல்லிச் சொல்லிக் கதைக்க விசயமும் இருந்தது. சுவாமி தன்பாட்டில் ஒரு பற்றிஸ் எடுத்துக் கடித்தார். பிறின்சி அக்கா கால் செருப்பைக் கழற்றிவிட்டு மேடைப் படியில் இருந்து, போனில் அவனுடைய இலக்கத்தைப் பொலிசுக்கு எழுதி வைத்துக்கொண்டிருந்தாள். பெரியப்பா தம்பிக்குப் பக்கத்தில் வந்து நின்றார், தோளில் கைவைக்கப் பார்த்தார், வைக்காமல் போனார். அது இன்னொரு நாளைக்கு நடக்கும்.

ஜசிந்தா ஆசிரியையின் கோப்பைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா வந்து மேசைக்கு எதிரே கதிரையை இழுத்து இருந்தார். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நீதான் யோசிச்சனியோ?"

"அக்காவும் நானும்." துடைத்த கோப்பையையே திரும்பத் துடைத்தாள். "அப்பா, கோவமோ?"

அப்பா கோப்பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா வந்து அவருடைய இடக்கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள், அந்த வெளிறிய விரலைப் பெருவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். பகிடி ஒன்றும் விடவில்லை.

"அந்தக் கேத்திலுக்கை இன்னும் கிடக்கோ?" என்றார் அப்பா.

"ஆறிப்போச்சு அப்பா."

"ஊத்து."

அவள் ஊற்றினாள். பாதி மேசையில் போனது. அப்பா அந்தச் சின்னக் கோப்பையை இரண்டு விரலால் தூக்கி, ஒரே மிடறில் குடித்து, நாக்கைச் சப்பிப் பார்த்தார்.

"சீ," என்றார். "இந்தக் கழுவின தண்ணிக்கோ கொறற்றி, உன்ரை மோதிரத்தைக் குடுத்தனான்?"